கப்பல் வராத ஊருக்கு ஒரு மனு

1. மூன்று துறைமுகம்

காரைக்காலிலிருந்து போன மனு ஒன்றுகூட அந்த வருடமும் தேறவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் தலைவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அவரைப் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி ‘சேஃப்’ என்போம், நேரில் பேசும்போது ‘முசியே’ என்போம்.

“மதாம், போன வருஷமும் இதே மூணு ஊரு, இந்த வருஷமும் இதே மூணு ஊரு. பழைய காகிதத்தையே எடுத்து அனுப்பிட்டீங்களா?”

“பேரு வேற வேற இருக்கு, பாருங்க முசியே. ஊரு அவங்க சொன்னது. நான் அடிக்கிறவ, அவ்வளவுதான்.”

நான் கல்வி ஆபீஸில் டைப் அடித்தவள். பெயர் லூர்தம்மாள், ஆபீஸில் மதாம் லூர்து. வீடு தலத்தெருவில். பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து, இறங்கிய பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி. சுவரில் படம் மாறியது, காகிதத்தில் முத்திரை மாறியது, என் மெஷினும் வாயும் மாறவில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு மனுப் போடுகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, எந்த யூனிவர்சிட்டியை முதலில் எழுதுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நேராகச் சொல்லாமல் கதை அளக்கிறாளே என்று முகத்தைச் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம்.

கைமாறிய பிறகும் பிரெஞ்சு அரசாங்கம் எங்கள் பக்கத்துப் பட்டதாரிகள் சிலருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து மேல்படிப்புக்கு அழைத்துக்கொண்டிருந்தது. ஊரில் அதை ‘பூர்ஸ்’ என்பார்கள். கப்பல் டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. மனுவில் மூன்று ஊரை வரிசைப்படி எழுத வேண்டும், எதற்காக அந்த ஊர் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். பெரும்பாலும் முதலில் எழுதிய ஊருக்குத்தான் அனுப்புவார்கள். ஆகவே வரிசைதான் முக்கியம்.

எங்கள் ஊர் அந்த மூன்றையும் தேர்ந்தெடுத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என்ன படிப்பு என்று ஒருவரும் ஆரம்பிக்க மாட்டார்கள். கப்பல் எங்கே நிற்கும், அங்கே நம்ம ஆள் யார் இருக்கிறார், இந்த இரண்டு கேள்விதான். தலைமுறை தலைமுறையாகக் கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று ஓடிய ஊர் அல்லவா, பழக்கம் விடவில்லை. மார்செய் முதலில், போர்தோ இரண்டாவது, இரண்டும் துறைமுகம். மூன்றாவதாகப் பாரிஸ், அது கௌரவத்துக்கு. பாரிஸிலும் ஆற்றில் படகு வரும் என்று யாரோ சொல்லியிருந்ததால் அதையும் ஊரார் துறைமுகக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

வயல்காரர்கள் மட்டும் வேறு என்று நினைக்க வேண்டாம். அம்பகரத்தூரிலிருந்து ஒரு மிராசுதார் மகனுடன் வந்தார். பையன் நெல்லைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றான். பாரிஸிலிருந்து எங்களுக்கு ஒரு தடித்த புத்தகம் வரும், எந்த ஊரில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று அதில் இருக்கும். அதைப் புரட்டி, நெல்லுக்கு வேறு ஊர் இருக்கிறது என்று காட்டினேன்.

“கப்பல் எறங்குற ஊருலயே காலேஜ் இருக்குல்லம்மா. அப்புறம் எதுக்கு ரயில் ஏறணும்? அம்பகரத்தூர்லேருந்து காரைக்காலுக்கு பஸ்ஸுல வர்றதே பெரும்பாடா இருக்கு,” என்றார் அப்பா.

மார்செய் என்றே அடித்துக் கொடுத்தேன். புதுச்சேரியில் தேர்வுக் குழு அவனிடம் கேட்ட முதல் கேள்வியே, மார்செயில் எங்கே நெல் விளைகிறது என்பதுதானாம்.

2. மண் அளந்த யூசுப்

அடுத்த வருடம் மனு எழுத வந்தவர் யூசுப் மரைக்காயர். பொதுப்பணி ஆபீஸில் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்து, சென்னையில் கணக்கில் பட்டம் வாங்கியவர். சின்னப் பையன் அல்ல, வயது வரம்பின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த வருடம் கிடைக்காவிட்டால் பிறகு மனுப் போடவே முடியாது. வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார்.

“எனக்கு இது கடைசி தடவைங்க மதாம். மூணு ஊரயும் நல்லா பாத்து எழுதணும்.”

“என்ன படிக்கப் போறீங்க?”

“அரசலாறு கடல்ல சேர்ற எடத்துல ஏன் மண்ணு அடைக்குதுன்னு.”

இதற்காகக் கடல் தாண்டிப் போவார்களா என்று எனக்கு வாயில் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் குடும்பத்தின் பிழைப்பே அந்த மண்ணில்தான் போயிற்று. ஆற்றுக்குள் வந்து சரக்கு ஏற்றிய தோணிகள் முகத்துவாரம் தூர்ந்த பிறகு வெளியே நிற்க வேண்டியதாயிற்று, குடும்பத்தின் கப்பல் ஏஜெண்டு வேலையும் அதோடு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் காரைக்கால்மேட்டுப் பக்கம் போய் மூங்கில் கழியை நட்டு மண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பாராம். மீன்பிடிக்கிறவர்கள், “மரைக்காயர் வீட்டுப் புள்ள இன்னக்கி எத்தன கூட மண்ணு எண்ணிச்சு?” என்று கேலி செய்வார்களாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

தடித்த புத்தகத்தை இருவருமாகப் பார்த்தோம். அவருக்கு ஊர் முன்பே தெரிந்திருந்தது. கிரெனோபிள். ஆபீஸுக்கு வரும் ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறார். அங்கே பெரிய கொட்டகைக்குள் ஆற்றையும் முகத்துவாரத்தையும் சின்னதாகக் கட்டி, தண்ணீர் விட்டு, மண் எப்படிப் போகிறது என்று நாள் கணக்கில் பார்ப்பார்களாம். அடுத்தபடியாகத் துலூஸ். அங்கேயும் தண்ணீர் சம்பந்தமான படிப்பு இருந்தது.

கிரெனோபிள் எங்கே இருக்கிறது என்று சுவரில் இருந்த பிரான்ஸ் தேசப்படத்தில் தேடினேன். நட்ட நடு மலையில் இருந்தது. கடலைப் பற்றிப் படிக்க மலைக்குப் போகிறேன் என்கிற முதல் காரைக்கால்காரர் இவர்தான்.

“உங்க வீட்டுல ஒத்துப்பாங்களா?” என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டார் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஆபீஸ் மனுவை அனுப்பாது. முன்பு ஒருவர் தேர்வான பிறகு, வீட்டார் வந்து அனுப்ப மாட்டோம் என்று மல்லுக்கு நின்று, அந்த இடம் யாருக்கும் இல்லாமல் வீணாகிப் போனது. அதிலிருந்து சேஃப் அந்த விதியைப் போட்டார். முப்பதை நெருங்கியவருக்கும் அதே விதிதான்.

3. மாமா

மறுநாள் யூசுபுடன் அவருடைய தாய்மாமா வந்தார். யூசுபை வளர்த்து ஆளாக்கியவர் அவர். வெள்ளைத் துணித் தொப்பி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, அத்தர் வாசனை. பேச்சு தணிவாக இருக்கும், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“மார்செய மொதல்ல போடுங்க. அந்த மலையூர ரெண்டாவதா, மூணாவதா எங்க வேணா போட்டுக்குங்க. நாங்க தடுக்கல.”

சேஃப் தன் அறையிலிருந்து எழுந்து வந்து விளக்கினார். “மொதல் ஊருக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லன்னா அங்கயே தள்ளிடுறாங்க பாய். ரெண்டாவது ஊர படிக்கிறதே இல்ல. ரெண்டு வருஷமா பட்டுக்கிட்டிருக்கோம்.”

“அப்படித் தள்ளுனா அல்லா நாடல, அவ்வளவுதான். மார்செய்ல எங்க சினேகிதர் கடை வச்சிருக்காரு. ஹலால் சாப்பாடு உண்டு, தொழுக உண்டு. புள்ள ராத்திரி எத்தன மணிக்கு வீட்டுக்கு வருதுன்னு எனக்கு இங்க சேதி வந்துரும். மலையில யாரு இருக்கா? கரடியா சேதி சொல்லும்?”

யூசுப் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் மெஷினைப் பெயர்த்து யார் மேலாவது போடலாம் போலிருந்தது. ஆற்றங்கரையில் அத்தனை நாள் வெயிலில் நின்ற மனிதருக்கு மாமாவுக்கு முன்னால் ஒரு வார்த்தை எழவில்லை. தன்னை வளர்த்தவரை எதிர்த்துப் பேசுகிற வீடு அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

“உம்மா என்ன சொல்றாங்க?” என்று நான்தான் குறுக்கே கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். “எங்க லாத்தாதானே? அது சொல்றதுதான் எங்க வீட்டுல முடிவு. நீங்களே காகிதத்த எடுத்துக்கிட்டுப் போய் கேளுங்களேன். மார்செய்னுதான் சொல்லும். அதுகிட்ட கையெழுத்தும் வாங்கிக்கிட்டு வந்துருங்க.”

அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள். அந்த லாத்தா வெளி ஆண்கள் முன் வருவதில்லை. சேஃப் போக முடியாது, பியூனும் போக முடியாது. ஆபீஸில் இருந்த ஒரே பெண் நான். கையெழுத்து வாங்குவது டைப் அடிப்பவளின் வேலையா என்று முணுமுணுத்தேன். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

4. கதீஜா நாச்சியார்

அரசலாற்றுப் பக்கம் மாடி வீடு. யூசுபின் உம்மா கதீஜா நாச்சியார் மேலே ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் துப்பட்டி. ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது.

“வாங்க தங்கச்சி. பசியாறிட்டீங்களா?”

“ஆச்சு லாத்தா.” எங்கள் ஊரில் மற்றவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள்.

ஆச்சு என்றால் விடுகிற வீடா? தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம் வந்தது. நான் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இடையிடையே ஜன்னல் பக்கம் பார்த்தார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

மகன் மலையூரைக் கேட்கிறார், தம்பி மார்செய் என்கிறார், மார்செய் என்று போட்டால் பூர்ஸ் கிடைக்காது, இந்த வருடம் போனால் போனதுதான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மார்செயில் சினேகிதர் கடை இருப்பதையும் மறைக்காமல் சொன்னேன். மறைத்து வாங்கும் கையெழுத்து எதற்கு?

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்த மலையூருல கடல் இருக்கா?”

போச்சு என்று நினைத்தேன். இல்லை என்று சொன்னால் காரியம் கெட்டது. இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

“இல்ல லாத்தா. சுத்தி மலைதான். கடலுக்கு ரயில்ல பாதி நாள் போகணும்.”

“கப்பல் வராது?”

“எப்படி வரும்?”

“அப்ப அதையே மொதல்ல போடுங்க,” என்றார்.

என் கையில் ஆப்பம் அப்படியே நின்றது. நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனேன். அவர் கையமர்த்தினார்.

“யூசுபோட வாப்பா கொழும்புக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. ஆறு மாசம்னாங்க. கொழும்பு துறைமுகத்துல ஒரு கப்பல் நின்னுச்சு, பினாங்கு போனாங்க. பினாங்குல ஒரு கப்பல் நின்னுச்சு, சைகோன் போனாங்க. சைகோன்ல வீடு, புள்ள குட்டி எல்லாம் ஆயிருச்சு. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

எனக்குத் தெரியும். தட்டைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

“அவங்க கெட்டவங்க இல்ல தங்கச்சி. துறைமுகத்துல நிக்கிற ஆம்பளைக்கு அடுத்த கப்பல் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். என் தம்பி சினேகிதரு காவல் இருக்காருங்குறான். கொழும்புலயும் எங்க ஆளுங்க நெறய பேரு இருந்தாங்க. அவங்கதான் பினாங்குக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாங்க.”

காகிதத்தை எடுத்து வைத்தேன். இரண்டாவது துலூஸ் என்றேன்.

“அங்க?”

“அங்கயும் கடல் இல்ல.”

“சரி. மூணாவது?”

“தம்பி மனசு கோணாம இருக்க மார்செய்ய மூணாவதா போட்டுரலாமா லாத்தா?”

“கடைசியா போட்டாலும் அது துறைமுகந்தானே,” என்றார். மூன்றாவதாகப் பாரிஸ் என்று எழுதிக்கொண்டேன். அங்கே படகு வருகிற சங்கதியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் எங்கள் ஆபீஸில் கிடையாது.

தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்களே, அந்த அரபுத் தமிழில் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை எடுக்கப் போனபோதுதான் அவர் அதை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தேன். அதுவரை அவர் திடமாக இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மகனை அனுப்ப அவருக்குத் துளியும் மனம் இல்லை. போகாமல் இருந்தால் அவன் வாடிப்போவான் என்பதால்தான் அனுப்புகிறார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஆபீஸில் மாமா காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஊர்களின் பெயரை ஒருமுறை படித்தார், கையெழுத்தை ஒருமுறை பார்த்தார்.

“ஏன்னு சொன்னிச்சா?”

“சொன்னாங்க. கொழும்பப் பத்தி சொன்னாங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. அக்காள் கணவரைக் கொழும்புக்குக் கப்பல் ஏற்றிவிட்டதே இவர் நடத்திய கப்பல் ஏஜெண்டு கம்பெனிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மிச்சக் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

“லாத்தா சொன்னா சரி. அனுப்பிருங்க மதாம்.”

5. கேள்வியும் பதிலும்

புதுச்சேரியில் யூசுபை நேரில் கேள்வி கேட்டார்கள். குழுவில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர், “உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் மார்செய்தான் கேட்பார்கள். நீங்கள் மட்டும் ஏன் மலைக்குப் போகிறீர்கள்?” என்றாராம். யூசுப் அரசலாற்றைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். மூங்கில் கழி சமாசாரத்தையும் விடவில்லை. கடைசியில், “அது கடல் இல்லாத ஊர் என்பதால்தான் என் தாயார் அனுப்புகிறார்,” என்றும் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பூர்ஸ் கிடைத்தது, அதுவும் கிரெனோபிளுக்கே.

பம்பாயில் கப்பல் ஏறினார். கப்பல் போய் நின்றது மார்செயில்தான், அதை யாராலும் மாற்ற முடியவில்லை. ஆனால் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது என்று உம்மாவின் கட்டளை. மாமாவின் சினேகிதர் துறைமுகத்துக்கு வந்து, பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, நேரே ரயிலில் ஏற்றிவிட்டார். மாமாவுக்கு அந்த மட்டில் திருப்தி.

அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். என்ன படிக்கப் போகிறீர்கள் என்பது ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்குப் பயம், எதைக் கண்டு பயம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் தடித்த புத்தகத்தைத் திறப்பேன். சிலருக்குப் பன்றிக் கறி பயம், சிலருக்குக் குளிர், சிலருக்கு வெள்ளைக்கார மருமகள். பயத்தின் பெயர் தெரிந்தால் அதற்கும் ஓர் ஊர் கிடைக்கும். பிறகு வந்த வருடங்களில் எங்கள் மனுக்கள் அவ்வப்போது தேறின. சேஃப் அதைத் தன் விதியால் வந்தது என்று சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

யூசுப் படிப்பை முடித்துத் திரும்பினார். சொன்ன தவணைக்குள், தனி ஆளாக. வந்த வாரம் என்னை அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அதே மாடி அறை. கொட்டகைக்குள் கட்டிய ஆற்றைப் படம் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கதீஜா நாச்சியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தினியோண்டு ஆத்துக்கா மலையேறிப் போன?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சாப்பாடு முடிந்ததும் யூசுப் தயங்கித் தயங்கிச் சொன்னார். அரசாங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஆறுகளைப் பற்றி ஆராய்கிற இடம், ஆனால் அது பூனாவில். மாமா தட்டில் விரலால் கோலம் போட்டார். நான் கதீஜா நாச்சியாரைப் பார்த்தேன். இப்போதுதான் வந்தான், மறுபடியுமா என்று அவர் அழுதுவிடுவார் என்றுதான் பயந்தேன்.

“பூனாவுல கடல் இருக்கா?”

“இல்ல உம்மா.”

அவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“அப்ப நானும் வரேன்,” என்றார்.

“லாத்தா, வீடு?” என்றார் மாமா.

“நீ பாத்துக்க.” எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இங்கன உக்காந்து யாரோட கப்பலுக்காகப் பாத்துக்கிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல தங்கச்சி? இனிமே எனக்கும் கடல் இல்லாத ஊரே போதும்.”

நான் தலையாட்டினேன். பயம் மகனுக்காக மட்டும்தான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மனுப் போட வருகிற பிள்ளைகளே, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களை வழியனுப்பிவிட்டு ஜன்னலில் நிற்கப் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவருக்கும் போக ஓர் ஊர் வேண்டியிருக்கும்.